ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்னு சொன்ன அம்மா கையில் தண்ணீர்ச் சங்கு

வெண்சீருடை:
நர்சிங் படிக்கிறேன். தடுப்பூசி போடும் புதன்கிழமை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாக்களிடம் கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு அக்கா, முதல் பிரசவம். சீம்பால் கொடுத்தீங்களா? கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள்ளயா? ஆமா. எத்தனை மாசம் தாய்ப்பால் மட்டும்? "ஆறு மாசம் சிஸ்டர்." டிக் போட்டு நிமிர்ந்தால், சங்கில் தண்ணீர் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருக்கிறார்! "வெயில் தாங்கல, ஆறின வெந்நீர்தான்." அவர் பொய் சொல்லவில்லை. பசும்பாலும் பவுடர் பாலும் கூடாது என்பது தெரிந்திருக்கிறது, தண்ணீரும் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் தாளிலும் அந்தக் கேள்வி இல்லை. இன்னும் உறுத்துகிறது.

சேலத்து மருமகள்:
என் பையன் பிறந்தது சித்திரையில். "நமக்கே நாக்கு வறளுது, பச்சப் புள்ளைக்கு வறளாதா?" என்றார் அத்தை. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லியும் கேட்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் வந்து கொடியில் காய்ந்த துணிகளைக் காட்டினார். "ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல ஒண்ணுக்குப் போறான். தண்ணி பத்தாத புள்ள இப்படிப் போகுமாம்மா?" அத்தை எழுந்து போய்ச் சங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். முதலில் மாமியார்களுக்குத்தான் வகுப்பு எடுக்க வேண்டும்.

இரண்டு பிள்ளை அம்மா:
சேலத்து மருமகளுக்கு: எல்லாவற்றையும் மாமியார் தலையில் கட்டாதீர்கள். எனக்கு சிசேரியன். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதே என்று காவல் இருந்ததே என் மாமியார்தான். நான் கண் விழிப்பதற்குள் பவுடர் பால் கொடுத்து முடித்தது ஆஸ்பத்திரியில். கேட்டால் "பால் ஊறலம்மா" என்றார்கள். முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் சீம்பாலே போதும், இது அவர்களுக்குத் தெரியாதா? தாய்மார்களுக்குப் பால்பவுடர் விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது என்று 1992லேயே சட்டம் போட்டாயிற்று. என் கட்டிலுக்குப் பக்கத்தில் டப்பா இருந்தது.

கொங்குச் சித்தி:
என் தங்கை குழந்தைக்குப் பெரியம்மா நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைத்தார், நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் என் கதை. ஆனால் இளம் அம்மாக்கள் கவனியுங்கள். ஒரு வயது வரை தேன் ஆகவே ஆகாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். வசம்பு, உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதித்தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து, ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்பு சர்க்கரைக் கரைசல்) கொடுக்கலாம், அதில் தப்பில்லை. பால் பத்தவில்லை என்று பூண்டும் சுறாப்புட்டுமாகச் சாப்பிடுவதைவிட, அடிக்கடி சப்பக் கொடுங்கள், ராத்திரியிலும் கொடுங்கள். சப்பச் சப்பத்தான் ஊறும். வேலைக்குப் போகிறவர்கள் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுப் போகலாம். வெளியில் 4 மணி நேரம் தாங்கும், நம் ஊர் வெயிலுக்கு அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே தள்ளி வையுங்கள், கதவில் வேண்டாம். எடுத்ததை அடுப்பில் காய்ச்சாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குங்கள்.

சேலத்து மருமகள்:
இரண்டு பிள்ளை அம்மா, ஆஸ்பத்திரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் நான் பழி போடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சங்கு அத்தை கையில்தானே இருந்தது? செவிலியர் என்னிடம் மட்டும் பேசிவிட்டுப் போயிருந்தால் சாயங்காலமே அத்தை மறுபடி தண்ணீர் கொடுத்திருப்பார்.