சொந்தத் திரைக்கதையை விற்பதா, நாமே படமாக்குவதா: லாரி கோஹன் சென்ற வழி இன்றைக்குப் பொருந்துமா?

நள்ளிரவுக்காட்சி:

அனைவருக்கும் வணக்கம். திகில், குற்றம், அறிவியல் புனைவு போன்ற வகைப் படங்களைப் பெரிய நிறுவனங்களின் துணையில்லாமல் எடுத்தவர்களைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். உலகம் அவர்களை இயக்குநர்களாக நினைவில் வைத்திருந்தாலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அவர்களில் பலருக்குச் சோறு போட்டது எழுத்துதான் என்று தோன்றுகிறது. குறிப்பாக அமெரிக்க இயக்குநர் லாரி கோஹனின் பெயர் அடிக்கடி வருகிறது.

என்னிடம் முழுமையடைந்த இரண்டு திரைக்கதைகள் இருக்கின்றன. ஒன்று, ஒரே கட்டடத்துக்குள் ஓர் இரவில் நடந்து முடியும் திகில் கதை. மற்றொன்று, பெரும் பொருட்செலவு பிடிக்கும் அறிவியல் புனைவு. திகில் கதையை வாங்கிக்கொள்ள ஒரு தயாரிப்பாளர் முன்வந்திருக்கிறார். ஆனால் அதை நான் இயக்குவதற்கு அவர் இசையவில்லை. விற்றுவிட்டு அந்தப் பணத்தில் வேறொன்றை எடுப்பது நல்லதா, அல்லது கையிருப்பைத் திரட்டி அதையே நான் இயக்குவது நல்லதா? ஒருமுறை விற்றுவிட்டால் எழுத்தாளர் என்ற முத்திரை விழுந்து, இயக்கும் வாய்ப்பு என்றைக்குமே வராமல் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. கோஹன் போன்றவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய படச்சுருள்:

நண்பரே, கோஹன் முதலில் எழுத்தாளர். இயக்கம் பிறகுதான் வந்தது. 1950களின் இறுதியில் தொலைக்காட்சி நாடகங்களுக்கு எழுதத் தொடங்கியவர், 1965-இல் 'பிராண்டட்', 1967-இல் 'தி இன்வேடர்ஸ்' என்று இரண்டு தொடர்களை உருவாக்கினார். இரண்டாவது தொடரின் மூலக்கரு அவருடையதாக இருந்தாலும், அதைத் தயாரித்து நடத்தியவர் குவின் மார்ட்டின். தன் கற்பனை இன்னொருவர் கையில் வேறு உருவம் எடுப்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்த மனிதர், 1972-இல் தன் முதல் படத்தைப் பெரும்பாலும் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே எடுத்தார் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை. கையில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ப எழுதும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டு வந்த 'பிளாக் சீசர்' நன்றாக ஓடியதால், வெளியீட்டாளர்கள் அதே ஆண்டிலேயே தொடர்ச்சியைக் கேட்டார்கள். நாயகன் பிரெட் வில்லியம்சன் வேறொரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். கோஹனோ 'இட்ஸ் அலைவ்' படத்தைத் தொடங்கியிருந்தார். ஆகவே வாரநாள்களில் ஒரு படம், வார இறுதிகளில் மற்றொரு படம் என்று ஒரே குழுவை வைத்துக்கொண்டு இரண்டையும் நடத்தினார். நியூயார்க் தெருக்களில் நாயகனின் உடையணிந்த மாற்றாளை முதுகுப்புறமாக நடக்கவிட்டுப் படம்பிடித்து, முகம் தெரியும் துண்டுகளை லாஸ் ஏஞ்சல்ஸில் எடுத்துச் சேர்த்தார். கதையை எழுதியவரும் இயக்குபவரும் தயாரிப்பவரும் ஒருவராகவே இருந்ததால்தான் இது முடிந்தது. வேறொருவரின் திரைக்கதையாக இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரிடமாவது ஒப்புதல் கேட்டு நிற்க வேண்டியிருந்திருக்கும்.

'இட்ஸ் அலைவ்' படத்தின் கதை உங்களுக்கு இன்னும் பயன்படும். பிறந்தவுடன் கொலைசெய்யும் குழந்தை என்பது கரு. ரிக் பேக்கர் உருவாக்கிய அந்தப் பொம்மையை நன்றாக வெளிச்சத்தில் காட்டினால் பொம்மை என்று தெரிந்துவிடும் என்பதால், படம் முழுக்க அதை நொடிநேரத் துணுக்குகளாகவே காட்டி, குழந்தையை விட்டுவிட்டுத் தந்தையின் மீது கதையை நிறுத்தினார். தன் குழந்தையைக் கொல்லத் துணியும் தந்தை, நேரில் பார்த்த கணத்தில் அதைக் காப்பாற்ற முயல்கிறார். பொம்மையின் போதாமை, திரைக்கதைக்குள் ஒரு மனிதனின் மனமாற்றமாக ஆகிவிட்டது. இசைக்கு, ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கு இசையமைத்த பெர்னார்டு ஹெர்மனை அழைத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். காசில்லாத படத்தில் இசைக்கு மட்டும் கஞ்சத்தனம் காட்டாதவர்! 1974-இல் வெளியானபோது வார்னர் நிறுவனம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நிர்வாகம் மாறிய பின் 1977-இல், தொட்டில் வண்டியிலிருந்து நகம் நீண்ட கை ஒன்று தொங்கும் விளம்பரத்தோடு மறுபடி வெளியிட்டபோதுதான் படம் பெரிய வெற்றி பெற்றது. படம் அதேதான், மாறியது விளம்பரமும் அதன் பின்னால் இருந்த ஆட்களும்.

முத்திரை விழுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு ஒரு மறுமொழி உண்டு. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வேறொரு படத்தை இயக்கிக்கொண்டிருந்தபோது அவர் பாதியில் நீக்கப்பட்டார். சில நாள்களுக்குள், கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியில் கூடுகட்டும் பறக்கும் பாம்பைப் பற்றிய 'க்யூ' படத்தைத் தொடங்கிவிட்டார். எழுதி வைத்த கதை ஒன்று கைவசம் இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது. மைக்கேல் மோரியார்ட்டி பியானோ வாசிப்பவர் என்று அறிந்ததும், அவருடைய சில்லறைத் திருடன் வேடத்தைப் பியானோ வாசிக்கும் வேலை தேடி அலைபவனாகத் திருத்தி எழுதினார். இன்றைக்கு அந்தப் படத்தில் பாம்பை விட அந்தத் திருடனே நினைவில் நிற்கிறான்.

இரண்டாம்வரைவு:

மேலே சொன்னவை அனைத்தும் உண்மை. ஆனால் அவற்றை வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கோஹன் வேலை செய்த காலத்தில், வாகனத்தில் அமர்ந்தபடியே பார்க்கும் திறந்தவெளித் திரையரங்குகளும், ஒரே சீட்டில் இரண்டு படம் காட்டும் அரங்குகளும் மலிவான வகைப் படங்களை வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தன. அமெரிக்கன் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் அதையே தொழிலாக நடத்தின. பிறகு ஒளிநாடாச் சந்தை வந்தது. 1987-இல் வெளியான இரண்டு படங்களை அவர் வார்னருக்காக அடுத்தடுத்து எடுத்ததும் அந்தச் சந்தையை நம்பித்தான். அந்த வாங்குநர்கள் இன்று அதே வடிவில் இல்லை.

இன்னொன்று, அனுமதியில்லாத படப்பிடிப்பு. 'காட் டோல்ட் மீ டு' படத்துக்காக, நியூயார்க்கின் உண்மையான புனித பேட்ரிக் நாள் ஊர்வலத்துக்குள் நடிகரைக் காவலர் உடையில் நுழைத்து எடுத்ததை எல்லோரும் வியந்து பேசுகிறார்கள். காவலர் உடையணிந்த ஒருவர் கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு நிற்பதை இன்று முயன்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதை வீரமாகக் கொண்டாடுபவர்கள், அந்த இடத்தில் தாங்கள் ஊர்வலம் பார்க்க வந்தவர்களாக இருப்பதாக ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மேலும், அவர் பிற்காலத்தில் எழுதி மற்றவர்கள் இயக்கிய படங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 'மேனியாக் காப்' படத்தை எழுதித் தயாரித்தவர் அவர். இயக்கியவர் வில்லியம் லஸ்டிக். இயக்குநர் ஜான் சேல்ஸ் இந்த வழியை இன்னும் தெளிவாகக் கையாண்டார்: மலிவான வகைப் படங்களுக்குப் பெயர்போன தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் நிறுவனத்துக்காக 1978-இல் 'பிரான்யா' போன்ற திரைக்கதைகளைக் கூலிக்கு எழுதி, அந்த வருமானத்தைத் தன் சொந்தப் படங்களுக்குள் போட்டார். அவருக்கு எழுத்தாளர் முத்திரை ஒரு தடையாக இருக்கவில்லை. விற்கும் எழுத்து வேறு, தனக்கென வைத்துக்கொள்ளும் எழுத்து வேறு என்று அவர் பிரித்து வைத்திருந்தார்.

ஆகவே உங்கள் கேள்வியையே திருப்பிப் போடுகிறேன். பெரும் பொருட்செலவு பிடிக்கும் அறிவியல் புனைவை நீங்கள் இயக்கும் நாள் அண்மையில் வராது. அதை விற்கப் பாருங்கள். ஒரே கட்டடம், ஒரே இரவு என்ற கதைதான் உங்களால் எடுக்கக்கூடியது. அதை விற்பது, குடியிருக்கும் வீட்டை விற்றுவிட்டுக் கட்ட முடியாத மாளிகையின் வரைபடத்தை வைத்துக்கொள்வது போன்றது.

நள்ளிரவுக்காட்சி:

இருவருக்கும் நன்றி. தயாரிப்பாளர் அனுப்பிய வரைவு ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும், அனைத்து வடிவங்களிலும்" என்ற தொடர் இருக்கிறது. கால வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. இது வழக்கமானதுதானா?

விநியோகமேசை:

விநியோகத் துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் இதற்கு மட்டும் விடை சொல்கிறேன். முழு விற்பனையில் அந்தத் தொடர் வழக்கமானதே. ஆனால் முதல் படியிலேயே முழு விற்பனைக்கு ஒப்ப வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆப்ஷன் ஒப்பந்தம் கேளுங்கள்: ஒரு சிறு தொகைக்கு, பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதங்கள் போன்ற ஒரு காலத்துக்கு, அந்தக் கதையை வாங்கும் தனியுரிமை மட்டும் அவருக்கு இருக்கும். அதற்குள் அவர் முழுத் தொகையைத் தரவில்லையென்றால் கதை உங்களிடமே திரும்பிவிடும். தொடர்ச்சிப் படம், மறு ஆக்கம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தொகை குறிக்கப்பட வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வகைப் படங்களில் உண்மையான பணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

உரிமை கைநழுவினால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்ஜ் ரொமெரோவை விடப் பெரிய எடுத்துக்காட்டு கிடையாது. 1968-இல் வெளியான 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு முதலில் வேறு தலைப்பு இருந்தது. வெளியீட்டாளர் தலைப்பை மாற்றியபோது, அந்தத் தலைப்புச் சட்டகத்தில் இருந்த பதிப்புரிமை அறிவிப்பும் கூடவே போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லாமல் வெளியான படைப்பு பொதுவுடைமை. எனவே யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். ஒரு புதிய வகையையே தோற்றுவித்த படம் அதைப் படைத்தவர்களுக்கு ஈட்டித் தந்திருக்க வேண்டிய பணம், ஒரு சட்டகத்தோடு போயிற்று. 1990-இல் அதே கதையை ரொமெரோ மறுபடி திரைக்கதையாக எழுதி, டாம் சவினி இயக்கியதற்கு அந்த இழப்பை ஓரளவாவது ஈடுசெய்யும் எண்ணமும் ஒரு காரணம். இன்று அறிவிப்பு இல்லாவிட்டாலும் பதிப்புரிமை போய்விடாது. ஆயினும் கதை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதற்கான ஆவணங்கள் முறையாக இல்லாத படத்தை எந்த விநியோகஸ்தரும் தொடமாட்டார்.

நீங்களே எடுப்பதாக இருந்தால் இதையும் கேளுங்கள். உரையாடல் தனி, இசையும் ஒலிகளும் தனி என்று ஒலித்தடங்களைப் பிரித்தே ஒலிக்கலவை செய்யச் சொல்லுங்கள். திகில் படம் நட்சத்திரங்கள் இல்லாமலே அயல்மொழிகளில் விலைபோகும். ஆனால் உரையாடலை மட்டும் எடுத்துவிட்டு மொழிமாற்றம் செய்ய முடியாத ஒலித்தடத்தை அனுப்பினால், வாங்க வந்தவர் திரும்பிவிடுவார். படம் முடிந்து குழு கலைந்த பின் காலடி ஓசையையும் கதவோசையையும் புதிதாக உருவாக்க நேர்ந்த தயாரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவு முன்கூட்டித் திட்டமிட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு.

பழைய படச்சுருள்:

இரண்டாம்வரைவு அவர்களின் மறுப்பில் பாதியை ஏற்கிறேன். அனுமதி விஷயத்தில் முழுவதுமாகவே. ஒரே இடத்தில் நடக்கும் கதை என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். தொலைபேசிக் கூண்டுக்குள்ளேயே நடந்து முடியும் படம் என்ற எண்ணத்தை கோஹன் 1960களிலேயே ஹிட்ச்காக்கிடம் சொல்லியிருந்தார். இருவருக்கும் பிடித்திருந்தது, ஆனால் அந்த மனிதன் ஏன் கூண்டை விட்டு வெளியே வரவில்லை என்பதற்கு விடை கிடைக்காததால் அது அப்படியே நின்றது. எங்கோ மறைந்திருந்து குறிபார்க்கும் துப்பாக்கிக்காரன் என்ற விடை அவருக்குக் கிடைத்தது 1990களின் பிற்பகுதியில்தான். அதன் பிறகு திரைக்கதை விரைவாக எழுதப்பட்டு, நல்ல விலைக்குப் போய், ஜோயல் ஷூமாக்கர் இயக்கத்தில் 'போன் பூத்' ஆயிற்று.

உங்கள் கட்டடத்திலிருந்து அந்த மனிதர்கள் ஏன் வெளியேறவில்லை? அந்தக் காரணம் உங்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பாக இருந்தால், தயாரிப்பாளர் விலை கொடுப்பது அதற்குத்தான். ஆப்ஷன் தொகையை அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.