வீட்டை இடித்துப் பிரிக்கச் சம்மதிக்கும் முன்

பங்காளிகள் எல்லோருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகள் பழசாகிப்போனதால் இடிக்கிறோம் என்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண் நூறு வருஷம் ஆனாலும் அப்படியே நிற்கும். கெடுவது கூரை. அதைச் சரிசெய்ய ஆள் இல்லாமல் போவதற்குக் காரணம் பங்கு. 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவைப் பிடித்தார்கள், பிறகு அங்கே நம்மவர்கள் வைத்திருந்த நிலமெல்லாம் தேசியமயமானது, வரும்படி நின்றது. வீடு மட்டும் புள்ளிக்குப் புள்ளி, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும் ஒரு பங்கு என்று, பிரிந்துகொண்டே வந்தது. ஐயா காலத்தில் மூன்று புள்ளியாக இருந்த வீட்டுக்கு இன்றைக்கு முப்பது கையெழுத்து வேண்டியிருக்கும்.

முதலில் கூரை. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றி, இரண்டு ஓட்டுச் சரிவு சேரும் மூலைப் பள்ளத்தில் சருகு அடைத்தால், தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறிக் ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் நுனியை ஊறவைக்கும். நுனி உளுத்தால் கூரை அந்த மூலையில் இறங்கும், அதன் கீழிருக்கும் சுவரும் கரையும். ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியில் ஆள் ஏற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த ஆலங்கன்றை ஒடித்துவிட்டால் போதாது, மறுபடி தழைக்கும். வேரோடு தோண்டி எடுத்து, குழியைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். சிமெண்ட் கூடவே கூடாது. அது ஈரத்தை வெளியே விடாது, உப்புப் பூக்கும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு பக்கத்திலேயே தகடு தகடாகப் பெயரும்.

அடுத்து, பலருக்கும் தெரியாத சட்டம். ஒரு பங்காளி தன் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்றாலும், சொத்து மாற்றுச் சட்டம் 44-வது பிரிவின்படி வாங்கியவர் குடும்ப வீட்டில் கூட்டு அனுபவம், அதாவது நம்மோடு சேர்ந்து வீட்டை வைத்துக்கொள்ளும் உரிமை, கேட்க முடியாது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-வது பிரிவின்கீழ், நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை நாமே வாங்கிக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பவர்கள் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பராமரிப்புக்கு மட்டும் என்று எழுதுங்கள். விற்கவும் இடித்துப் பிரிக்கவும் அதிகாரம் சேர்த்துவிட்டால், அந்த ஒரு தாளே போதும், நிலையும் கதவும் லாரியில் ஏறிவிடும். அவை போன வீட்டைக் காக்க யாருக்கும் மனசு வராது.

விற்பது முடிவாகிவிட்டாலும் அளவு எடுக்காமல் விடாதீர்கள். முகப்பு நிலையின் உயரம் அகலம், தூண்களின் எண்ணிக்கை சுற்றளவு, வீட்டின் ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனியாகத் தரைப்படம். சுவரில் பெயர்ந்து நிற்கும் பூ ஓடு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயர் பின்பக்கம் புடைத்திருந்தால் படம் எடுத்து, எந்தச் சுவர், எந்த வரிசை என்று அதிலேயே குறித்து அனுப்புங்கள்.