ஸ்லோ குக்கரில் சிக்கன் கச்சாத்தோரா: அடுப்பு அளவை எப்படி மாற்றுவது?

பூண்டுப்பல்:
இத்தாலியில டஸ்கனி பக்கத்து போல்லோ அல்லா கச்சாத்தோரா (தக்காளியும் ஒயினும் சேர்த்த சிக்கன் குழம்பு) செய்யணும். அடுப்பு முறை கையில இருக்கு: எலும்போட சிக்கன் 1.2 கிலோ, வெங்காயம், கேரட், செலரி, சிவப்பு ஒயின் 200 மிலி, டின் தக்காளி 400 கிராம், சிக்கன் ஸ்டாக் 250 மிலி, கடைசியில ஆலிவ். மூடாம 45 நிமிஷம் கொதிக்க விடணும். இதை 3.5 லிட்டர் ஸ்லோ குக்கருக்கு மாத்தும்போது தண்ணியை எவ்வளவு குறைக்கணும்? வதக்காம எல்லாத்தையும் கொட்டி ஆன் பண்ணிடலாமா? காலைல 8 மணிக்குக் கிளம்பினா திரும்ப 6 ஆகும், அவ்வளவு நேரம் தாங்குமா? ஃப்ரீசர்ல எலும்பில்லாத நெஞ்சுக்கறி கொஞ்சம் இருக்கு, அதையும் சேர்க்கலாமான்னு சொல்லுங்க.

மண்சட்டி:
ஸ்டாக் சுத்தமா வேண்டாம். ஸ்லோ குக்கர்ல ஆவி மூடியில பட்டு உள்ளேயே சொட்டிடும், எதுவும் சுண்டாது. போதாததுக்குச் சிக்கனும் வெங்காயமும் நிறைய நீர் விடும். அந்த 250 மிலியும் சேர்ந்தா கிடைக்கிறது ரசம்தான். டின் தக்காளியை மட்டும் சாறோட கையால பிசைஞ்சு போடுங்க.

வதக்காம கொட்டலாமான்னா, கூடாது. ஸ்லோ குக்கர் பானை உணவை மிருதுவாக்கும், ஆனா சிவக்க வைக்காது. சிவக்க வேண்டியது, சுண்ட வேண்டியது எல்லாத்தையும் முதல்லயே வாணலியில முடிச்சிடணும். 25 நிமிஷ வேலை, குழம்போட ருசியில பாதி இதுலதான் இருக்கு.

சிக்கனை ஈரம் போகத் துடைச்சு, 8 கிராம் உப்பும் மிளகும் தடவுங்க. உப்பு இதுக்கு மேல வேண்டாம், ஆலிவ்லயும் இருக்கு. இரும்பு வாணலியில 2 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே இருக்கிற மாதிரி வெச்சு 6-7 நிமிஷம் அசைக்காம விடுங்க. நாலு துண்டுக்கு மேல ஒரே நேரத்துல போட்டா நீர் விட்டு வெந்துடும், சிவக்காது. சிவந்த பிறகு தோலை உரிச்சு எடுத்துடுங்க. மணிக்கணக்கா ஆவியில கிடந்தா அது ரப்பராகிடும்.

அதே கொழுப்புல ஒரு பெரிய வெங்காயம், ஒரு கேரட், ஒரு செலரித் தண்டு, எல்லாத்தையும் அரை செ.மீ. துண்டா நறுக்கி, சின்னத் தீயில 10 நிமிஷம் வதக்குங்க. மூணு பல் பூண்டு, அப்புறம் ஒரு டேபிள்ஸ்பூன் தக்காளி பேஸ்ட். பேஸ்ட் பளீர் சிவப்புல இருந்து செங்கல் நிறத்துக்கு மாறி, ஓரத்துல எண்ணெய் பிரியுற வரை ரெண்டு நிமிஷம் கிளறணும்.

இப்ப ஒயின் 150 மிலி. மரக்கரண்டியால அடியில ஒட்டினதைச் சுரண்டிக்கிட்டே பாதியா சுண்ட விடுங்க. நேரா பானையில ஊத்தினா ஆல்கஹால் போக வழியில்லாம, ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் பச்சை ஒயின் நெடி அடிக்கும்.

அரைப்படி:
கறியைப் பத்தி நான் சொல்றேன். கடையில கறித்துண்டா வெட்டச் சொல்லாதீங்க. சின்னத் துண்டு சீக்கிரம் நார் நாரா போயிடும், உடைஞ்ச எலும்புச் சில்லு குழம்புல கலந்துடும். தொடையும் காலும் முழுசா, தோலோட வாங்குங்க. பிராய்லர்னா குக்கரை லோ-ல (குறைஞ்ச சூடு) வெச்சா நாலரை முதல் அஞ்சு மணி நேரம், ஹை-ல மூணு மணி நேரம் போதும். முத்தின நாட்டுக்கோழியா இருந்தா லோ-ல 7-8 மணி நேரம், ஸ்லோ குக்கருக்கு அதுதான் எனக்குப் பிடிச்ச கறி.

பெரும்பாலான மாடல்ல லோ, ஹை ரெண்டும் கடைசியில கிட்டத்தட்ட ஒரே சூட்டைத்தான் எட்டும். போய்ச் சேர எடுத்துக்கிற நேரம்தான் வேற. அதனால "லோ-ல தானே இருக்கு, பத்து மணி நேரம் விடலாம்"னு நினைக்கக் கூடாது.

நெஞ்சுக்கறி வேண்டாம். 74 டிகிரிலயே அது வெந்துடும், தாண்டினா வறண்டுடும். தொடைக்கறிக்கு 85 டிகிரிக்கு மேல போனாத்தான் சவ்வு கரைஞ்சு குழம்புக்கு வழவழப்பு வரும். ரெண்டுக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. ஃப்ரீசர்ல இருந்து எடுத்து அப்படியே போடுறது ஆபத்தும்கூட: கெட்டியான கறி, கிருமி பெருகுற 5-60 டிகிரிக்குள்ள ரொம்ப நேரம் கிடக்கும்.

வேலை நாள்ல செய்யறதா இருந்தா, அஞ்சு மணி நேரம் முடிஞ்சதும் தானா வார்ம்-க்கு (சூடு ஆறாம மட்டும் வெச்சிருக்கிற நிலை) மாறுற குக்கர் வேணும். கொஞ்சம் வறண்டாலும் சாப்பிட ஏத்ததா இருக்கும். பச்சைக் கறியை உள்ளே வெச்சு மதியம் ஆன் ஆகட்டும்னு டைமர் மட்டும் போடாதீங்க. இதைவிட, ராத்திரி செஞ்சு, அகலப் பாத்திரத்துல ஆற வெச்சு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது நல்லது. மறுநாள் ருசி கூடும். சூடாக்குறது அடுப்புலதான், ஸ்லோ குக்கர்ல இல்ல.

பூண்டுப்பல்:
ரொம்ப நன்றி, டைமர் யோசனையை விட்டாச்சு. இன்னும் ரெண்டு: ஒயின் சேர்க்காதவங்களும் சாப்பிடுவாங்க, பதிலா என்ன ஊத்தலாம்? உருளைக்கிழங்கும் போடலாமா?

செலரித்தண்டு:
ஒயினுக்குப் பதிலா 100 மிலி ஸ்டாக்கும் ஒன்றரை டேபிள்ஸ்பூன் திராட்சை வினிகரும் ஊத்தி, அதே மாதிரி சுண்ட விடுங்க. சாதா வெள்ளை வினிகர் ரொம்பக் காட்டமா இருக்கும். ஒயினே ஊத்தறவங்க இனிப்பு போர்ட் வகையை மட்டும் எடுக்காதீங்க, குழம்பு தித்திக்கும்.

இத்தாலியிலயே ஒயினைவிட வினிகர் முன்னால நிக்கிற வகை உண்டு. ரோம் பக்கம் தக்காளி இல்லாம வினிகர், பூண்டு, ரோஸ்மேரி, நெத்திலி வெச்சு வெள்ளையா செய்வாங்க. ஆனா அது சுண்டச் சுண்டத்தான் ருசி, ஸ்லோ குக்கருக்குச் சரிவராது. தக்காளி வகையே எடுங்க.

உருளைக்கிழங்கைத் தனியா வேக வெச்சுக் கடைசியில சேருங்க. தக்காளிப் புளிப்புல அது லேசுல வேகாது, கறி குழைஞ்ச பிறகும் நறுக்குனு நிக்கும். காளான் போட்டா முன்னாடியே நீர் வத்த வதக்கிக்கணும். ரோஸ்மேரி ஒரே ஒரு கொத்து, உருவாம முழுசா, பிரிஞ்சி இலை ஒண்ணு. பரிமாறுமுன் ரெண்டையும் எடுத்துடுங்க. உருவின ரோஸ்மேரி இத்தனை நேரம் கிடந்தா மருந்து வாடை வரும். ஆலிவ் 80 கிராம் கடைசி அரைமணிக்கு. பார்ஸ்லி அணைச்ச பிறகு.

மண்சட்டி:
ஒண்ணு விட்டுப்போச்சு. இவ்வளவு செஞ்சும் குழம்பு நீர்க்க இருந்தா, மூடியைத் திறந்து வெச்சுக் காத்திருக்காதீங்க, பெருசா குறையாது. கறியை எடுத்து வெச்சுட்டு, குழம்பை மட்டும் வாணலிக்கு மாத்தி பெருந்தீயில 8-10 நிமிஷம் கொதிக்க விடுங்க. கரண்டியின் பின்பக்கம் விரலால கோடு இழுத்தா அது மூடாம நிக்கணும், அதுதான் பதம். உப்பை அதுக்கப்புறம் பாருங்க. பீங்கான் பானையை அடுப்புல ஏத்திடாதீங்க, விரிசல் விட்டுடும்.

பொலெண்டாவோட (மக்காச்சோள மாவுக் களி) சாப்பிடறதா இருந்தா இன்னும் ரெண்டு நிமிஷம் சுண்டட்டும். ரொட்டி தொட்டுக்க இந்தப் பதமே சரி.