தமனிக்குள் போன டயாலிசிஸ் கதீட்டரை உடனே உருவலாமா?

கேள்வி (மயக்கவியல் முதுநிலை மாணவர்):
வணக்கம். ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்த ஒரு நோயாளிக்கு, இரவுப் பணியில், வலப்பக்க உட்கழுத்துச் சிரையில் 12 பிரெஞ்சு அளவுள்ள டயாலிசிஸ் கதீட்டர் (ரத்தச் சுத்திகரிப்புக்கான குழாய்) போட்டோம். அல்ட்ராசவுண்டு பார்த்துத்தான் குத்தினோம். ஊசியில் வந்த ரத்தம் கருத்திருந்தது, பீறிடவும் இல்லை. ஆகவே சிரைதான் என்று நம்பி டைலேட்டரை (துளையை அகலப்படுத்தும் கருவி) செலுத்திவிட்டோம். கதீட்டரை டிரான்ஸ்டியூசரில் (அழுத்தத்தை அலையாகத் திரையில் காட்டும் உணரி) இணைத்தபோதுதான் திரையில் தமனி அலை தெரிந்தது. உருவிவிட்டு அழுத்திப் பிடிக்கலாம் என்று கை வைத்தேன். மூத்த மருத்துவர் என் கையைத் தட்டிவிட்டார். ஏன்?

மறுமொழி (ரத்தநாள அறுவை மருத்துவர்):
தட்டிவிட்டது சரிதான். கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியில் ஊசி மட்டும் பட்டிருந்தால், அதை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் அழுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். 12 பிரெஞ்சு என்றால் குறுக்களவு 4 மில்லிமீட்டர். அந்தத் துளையிலிருந்து கதீட்டரை உருவினால் ரத்தம் கழுத்துக்குள் தேங்கி மூச்சுக்குழாயை நெருக்கலாம். அழுத்திப் பிடித்தால் மூளைக்குச் செல்லும் ஓட்டம் தடைபட்டுப் பக்கவாதம் வரலாம். ஆகவே அதன் வழியே எந்த மருந்தும் ஏற்றாமல், அப்படியே விட்டு எங்களை அழையுங்கள். காலையில் பார்க்கலாம் என்று விடவும் கூடாது. கதீட்டரைச் சுற்றி ரத்தம் உறையத் தொடங்கிவிடும்.

மறுமொழி (தீவிர சிகிச்சை மருத்துவர்):
ரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்த அதிர்ச்சி நிலையில் (ஷாக்) ரத்தத்தின் நிறமும் துடிப்பும் ஏமாற்றும். டைலேட்டருக்கு முன் சிறு கேனுலாவில் (மெல்லிய குழல்) நீள டியூபை இணைத்து, ரத்தத்தால் நிரப்பிச் செங்குத்தாகப் பிடியுங்கள்: சிரையென்றால் மட்டம் இறங்கி மூச்சோடு அசையும், தமனியென்றால், சராசரி அழுத்தம் 50 மி.மீ. பாதரசமாக இருந்தாலும், 60 சென்டிமீட்டரைத் தாண்டி ஏறும். அல்ட்ராசவுண்டில் ஊசி சிரைக்குள் நுழைந்ததைப் பார்த்தால் போதாது, அதன் நுனி பின்சுவரையும் தாண்டியிருக்கலாம். கைடுவயர் (கதீட்டருக்கு வழிகாட்டும் கம்பி) சிரைக்குள்ளேயே கீழிறங்குவதை நீளவாக்கில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அதுதான் நடந்திருக்கிறது, ஐயா. அன்றிரவே கழுத்தைத் திறந்தபோது, கதீட்டர் சிரையின் இரு சுவர்களையும் துளைத்துக் கரோட்டிட்டுக்குள் போயிருந்தது. தையலிட்டு மூடினார்கள், நோயாளி கைகால்களை அசைக்கிறார். அடுத்த கதீட்டரைக் காரை எலும்புக்குக் கீழே போடலாமா?

மறுமொழி (சிறுநீரக மருத்துவர்):
வேண்டாம், தொடையில் போடுங்கள். காரை எலும்புக்கு அடியில் கதீட்டர் கிடந்த சிரை பின்னாளில் சுருங்கினால், அந்தக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைப்பது) போட்டாலும் கை வீங்கும். அங்கே தமனியில் குத்திவிட்டால் அழுத்திப் பிடிக்கவும் வழியில்லை.