போக்கர், 6 பேர் மேஜை: பட்டன் ரைஸுக்கு பிக் பிளைண்டிலிருந்து 3பெட் எவ்வளவு, எந்தக் கைகளோடு?

ஆறாம்சீட்:
நோ லிமிட் ஹோல்டெம், 6 பேர், எல்லாரிடமும் 100 பிபி (பிபி = ஒரு பிக் பிளைண்ட், கட்டாய முன்பந்தயம்), ஆன்டி (எல்லாரும் போடும் கட்டாயத் தொகை) கிடையாது. பட்டன் (பொதுச் சீட்டுகள் விழுந்த பிறகு கடைசியாக ஆடுபவர்) 2.5 பிபிக்கு ஓப்பன் (முதல் ரைஸ்) பண்றார், ஸ்மால் பிளைண்ட் (அரை பிபி போட்டவர்) ஃபோல்ட். நான் பிக் பிளைண்டில் 7.5க்கு 3பெட் (அவர் ரைஸுக்கு மேல் ரைஸ்) வைத்தால் பட்டன் கிட்டத்தட்ட எல்லாக் கைக்கும் கால் பண்ணிவிடுகிறார். ஏஸ்-கிங்கோடு ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) மிஸ் ஆனால் அடுத்து என்ன செய்வதென்று புரிவதில்லை. அளவு தப்பா, கைத்தேர்வு தப்பா? சும்மா கால் பண்ண எவை? 9 பேர் சார்ட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஃபோல்ட் என்கிறது.

பாட்கணக்கு:
முதலில் அளவு. ஓப்பனைப் போல 3 மடங்கு என்பது பொசிஷன் (எதிராளிக்குப் பின்னால் ஆடும் இடம்) உங்களிடம் இருக்கும்போது வைக்கிற கணக்கு. பிளைண்டிலிருந்து 4 மடங்குக்கு மேல் போகணும், அதாவது 10.5 முதல் 11.5 வரை.

7.5 வைத்தால் அவர் இன்னும் 5 போட்டால் போதும். பாட்-இல் (நடுவில் சேர்ந்த பணம்) ஏற்கெனவே 10.5 இருக்கிறது. 5-ஐ 15.5-ஆல் வகுத்தால் 32%: இவ்வளவு ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால் அவருக்கு கால் பண்ணப் போதும். ஃப்ளாப், டர்ன், ரிவர் (நாலாம், ஐந்தாம் பொதுச் சீட்டு) மூன்றிலும் உங்களுக்குப் பின்னால் ஆடப்போகிற ஆளுக்கு இந்த விலை கொடுத்தால் 9-7 சூட்டட்டைக்கூட (இரண்டும் ஒரே சின்னம்) அவர் விடமாட்டார், விடவும் கூடாது. 11 வைத்தால் அவர் 8.5 போட்டு மொத்தம் 22.5 பாட்டுக்கு ஆடணும்: 38%. இப்போது அடிமட்டக் கைகள் கழன்றுவிடும்.

ஏஸ்-கிங் பிரச்சினைக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. 7.5 கால் ஆனால் பாட் 15.5, பின்னால் மிச்சம் 92.5, பாட்டைப் போல 6 மடங்கு. 11 கால் ஆனால் பாட் 22.5, மிச்சம் 89; 4 மடங்கு. பொசிஷன் இல்லாதவருக்கு மிச்ச ஸ்டாக் குறைவாக இருப்பதுதான் நல்லது. டாப் பேர் விழுந்தால் தயங்காமல் உள்ளே தள்ளலாம்.

சூட்டட்_கனெக்டர்:
அளவு பற்றி மேலே சொன்னது சரி. கைகளைப் பார்ப்போம்.

மொத்த ஸ்டார்ட்டிங் காம்போ (இரண்டு சீட்டுச் சேர்க்கை) 1326. ஜாக் ஜோடியும் அதற்கு மேலும் 24, ஏஸ்-கிங் 16, ஏஸ்-குயின் 16. ஆக 56, அதாவது 4% சொச்சம். இதை மட்டும் 3பெட் பண்ணினால் கவனித்து ஆடுகிற எவரும் சுலபமாக ஃபோல்ட் பண்ணி ஒதுங்கிவிடுவார். பட்டனோ 45% கைகளை ஓப்பன் பண்ணுகிற இடம். அதற்கு எதிராக 10 முதல் 12% வரை 3பெட் பண்ணலாம். 10 ஜோடி, ஏஸ்-ஜாக் சூட்டட், கிங்-குயின் சூட்டட் எல்லாம் வேல்யூவுக்கே (மோசமான கை கால் பண்ணட்டும் என்று) வரும். பிளஃபுக்கு (அவரை ஃபோல்ட் பண்ணவைக்க) ஏஸ்-5 முதல் ஏஸ்-2 வரை சூட்டட் கைகள்தான் என் முதல் தேர்வு. உங்களிடம் ஒரு ஏஸ் இருந்தால் அவருக்கு ஏஸ் ஜோடி வரும் வழி 6-லிருந்து 3 ஆகிறது, ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகிறது. கால் ஆனாலும் நட் ஃபிளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து, அதில் உயர்ந்தது) வாய்ப்பு இருக்கிறது, கீழ் ஸ்ட்ரெய்ட் (ஏஸ் முதல் 5 வரை வரிசை) வாய்ப்பு இருக்கிறது. ஏஸ்-8 ஆஃப்சூட்டுக்கும் (வேறு வேறு சின்னம்) அதே பிளாக்கர் (அவருக்கு நல்ல கை வரும் வழியைக் குறைக்கும் சீட்டு) உண்டு, ஆனால் கால் ஆன பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது.

கால் பண்ண: 1.5 போட்டு 5.5 பாட், 27% போதும். எல்லாச் சின்ன ஜோடிகளும், சூட்டட் கிங், சூட்டட் குயின், சூட்டட் கனெக்டர்களும் (7-6 போல அடுத்தடுத்தவை), ஜாக்-10 போன்ற ஆஃப்சூட் கைகளும் தாராளமாக வரலாம். கிங்-4 ஆஃப்சூட் ஆல்-இன் கணக்கில் 7-6 சூட்டட்டுக்குக் குறைந்ததல்ல. ஆனால் பொசிஷன் இல்லாமல் கிங் ஜோடியோடு மூன்று பெட்டைத் தாங்கிப் பாருங்கள், தெரியும். அதை விட்டுவிடுங்கள். ரேக் (மேஜை நடத்துபவர் பிடிக்கும் கமிஷன்) அதிகமுள்ள சின்ன ஸ்டேக்கில் இந்த ஓரக் கைகளை இன்னும் சுருக்கணும்.

ஆறாம்சீட்:
நன்றி. 11 வைத்தும் கால் பண்ணுகிறவர் என்றால்? ஸ்மால் பிளைண்டிலும் இதே கைகள்தானா?

பாட்கணக்கு:
ஃபோல்டே பண்ணாதவரிடம் பிளஃப் 3பெட் வேண்டாம், ஏஸ்-4 சூட்டட்டை கால் பண்ணிவிடுங்கள். பதிலாக வேல்யூவை அகலப்படுத்துங்கள்: 9 ஜோடி, ஏஸ்-10 சூட்டட், ஏஸ்-ஜாக் ஆஃப்சூட், கிங்-ஜாக் சூட்டட். அளவை 13க்கு ஏற்றுங்கள். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 40% தேவை. அவர் வழக்கமாக கால் மட்டும் பண்ணுகிறவராக இருந்து திடீரென்று 4பெட் (உங்கள் 3பெட்டுக்கு மேல் ரைஸ்) 25 என்று வைத்தால், ஏஸ்-குயினைக்கூடக் கீழே போடலாம்.

ஸ்மால் பிளைண்ட் தனிக் கதை. அங்கே கால் பண்ண 2 போடணும், 6 பாட்டுக்கு 33%. பின்னால் பிக் பிளைண்ட் இன்னும் ஸ்குவீஸ் (ரைஸ், கால் இரண்டுக்கும் மேல் ரைஸ்) பண்ணலாம். அதனால் பெரும்பாலும் 3பெட், இல்லையென்றால் ஃபோல்ட்.

சூட்டட்_கனெக்டர்:
ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பட்டன் 2 பிபி வைத்தால் பிக் பிளைண்டுக்கு 22% போதும், 3 வைத்தால் 31% வேண்டும். ஒரே சார்ட்டை இரண்டுக்கும் ஓட்டாதீர்கள். 3பெட்டும் அதற்கேற்ப 9, 13 என்று மாறும். இதெல்லாம் பட்டனுக்கு எதிரான கணக்கு. அண்டர் த கன் (முதலில் ஆடும் இடம்) ஓப்பன் பண்ணினால் அவர் ரேஞ்ச் (ஆடும் கைகளின் தொகுப்பு) 17% அளவுதான். ஏஸ்-ஜாக் ஆஃப்சூட் அங்கே 3பெட் கை கிடையாது.