வீட்டுக்குள் சிற்றலை (ஷார்ட்வேவ்) ரேடியோ கேட்டவர்கள் சொல்லுங்கள்

மூன்றாம் மாடி:
2017 ஏப்ரல் 30. பிபிசி தமிழோசையின் கடைசிச் சிற்றலை ஒலிபரப்பு. இரவு 9.15க்கு ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காங்கிரீட் அடுக்குமாடி என்பதால் கர்ரென்ற இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ குரல். ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அப்படியேதான். பாதியில் கரண்ட் போனது. அந்த நொடியே இரைச்சல் பட்டென்று அறுந்துவிட்டது! இருட்டுக்குள் அறிவிப்பாளர் மூச்சு இழுத்துக்கொள்வதுகூடக் கேட்டது. நான்கைந்து நிமிடம் அசையாமல் இருந்தேன். கரண்ட் வந்தது, ஃபிரிட்ஜ் உறுமியது, குரல் மறுபடி முங்கிப் போனது. அப்பா காலத்திலிருந்து கேட்ட நிகழ்ச்சி. எழுந்து மெயினை இறக்க ஏன் தோன்றவில்லை என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

துணிக்கொடி:
நான் கேட்டது சீன வானொலித் தமிழ்ப் பிரிவு. 7 மீட்டர் ஒயரைப் பால்கனித் துணிக்கொடியோடு சுற்றி, நுனியைச் சீவி, ஆன்டெனாவில் கிளிப் போட்டு மாட்டினேன். முணுமுணுத்த நிலையம் பளிச்சென்று வந்தது. ஒருநாள் நன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மங்கிவிட்டது. போய்ப் பார்த்தால் அம்மா ஈரப்புடவையைக் கொடியில் போட்டிருக்கிறார். புடவையை எடுத்தேன், நிலையம் திரும்பி வந்தது. மறுபடி போடச் சொன்னேன், மங்கியது. அன்று துணி எல்லாம் மொட்டைமாடிக்குப் போனது. பிறகு ஆசைப்பட்டு 25 மீட்டர் ஒயர் இழுத்தேன். சிற்றலையில் 31 மீட்டர் பேண்டு என்கிற அலைவரிசைப் பகுதியில் ஒரு நிலையத்தின் மேல் இன்னொன்று ஏறிக்கொண்டது. சின்ன செட் அவ்வளவு தாங்காது. பழைய 7 மீட்டரே போதும்.

பேட்டரி மட்டும்:
மூன்றாம் மாடிக்காரரே, மெயினை இறக்கியிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது. கரண்ட் போனபோது தெருவே அடங்கியது, அதனால்தான் அந்தத் தெளிவு. பக்கத்து வீட்டு செட்டாப் பாக்ஸ் உங்கள் மெயினுக்குக் கட்டுப்படுமா? என் வீட்டில் குற்றவாளி, போன் மாட்டாமலே பிளக்கில் கிடந்த ஒரு சார்ஜர். பிடிக்க இரண்டு வாரம் ஆனது.

அதனால் சொல்கிறேன், முதலில் அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் கேளுங்கள். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடங்கள். எங்கே இரைச்சல் ஏறுகிறதோ அங்கே இருக்கிற எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டரை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அப்புறம் ஜன்னலோரம். சுவருக்குள் இருக்கும் இரும்புக்கம்பி அலையை மறைக்கிறது, அதனால் ஒரு மீட்டர் நகர்ந்தாலே வித்தியாசம் தெரியும். ஒயர் ஜன்னல் கிரில்லில் உரசக் கூடாது, வீட்டு மின்சார ஒயரோடு ஒட்டி ஓடவும் கூடாது. வளைய ஆன்டெனா என்றால் மெதுவாகத் திருப்புங்கள், ஒரு கோணத்தில் பக்கத்து வீட்டு இரைச்சல் தணியும். துணிக்கொடி நண்பரே, இடி மின்னலுக்கு முன்னாலேயே அந்தக் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள், தயவுசெய்து.

மூன்றாம் மாடி:
இல்லை ஐயா. மறுநாள் அதே 9.15க்கு மெயினை இறக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி இரைச்சல் போய்விட்டது. அந்த அலைவரிசையில்தான் யாரும் பேசவில்லை.