மறுமொழி: ‘ஸ்பார்ஸ்’ – ஐதானதா, சின்மையா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு ஒலிப்பதிவில் ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களைக் கணினியால் கண்டறியும் முறைக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அதற்கு ‘ஸ்பார்ஸ்’ (sparse), ‘பிட்ச்’ (pitch) இரண்டுக்கும் சொல் வேண்டும்.

> ‘ஸ்பார்ஸ்’ என்பதற்கு ‘ஐதான’ போதுமே. இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல்.

ஐயா, பழகிய சொல்லாக இருப்பதுதான் சிக்கல். அங்கே வேதியியலில் ஐதான அமிலம் என்றால் தண்ணீர் சேர்த்து வீரியம் குறைத்தது. ஒவ்வொரு சொட்டும் ஒரே அளவுக்கு நீர்த்திருக்கும். நாம் பேசுவது இதற்கு நேர் எதிர்: ஒரு மாதிரியில் ஒவ்வொரு கூறுக்கும் தரும் எடை, அதாவது குணகம், பெரும்பாலும் சுத்தமாகப் பூச்சியம், மிஞ்சிய சில மட்டும் முழு பலத்தோடு. குணகங்கள் பெருக்காமல் இருக்க அவற்றின் வர்க்கங்களைக் கூட்டித் தண்டம் (பெனால்டி) போட்டால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சுருங்கும். அதை வேண்டுமானால் ஐதாக்கல் எனலாம். வர்க்கத்துக்குப் பதில் குறி நீக்கிய மதிப்புகளைக் கூட்டினால்தான் பல குணகங்கள் பூச்சியத்தில் போய் உட்காரும். 1996-இல் புள்ளியியலாளர் டிப்ஷிரானி ‘லாசோ’ என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

பினாங்குக்காரன் வேறு எப்படி விளக்குவேன்? சோற்றின்மேல் பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையில் இருபது சட்டி. ஒருவர் தட்டில் குழம்பெல்லாம் கலந்து கிடக்கிறது. நிறத்தையும் வாசத்தையும் வைத்து எந்தெந்தச் சட்டியிலிருந்து ஊற்றினார்கள் என்று சொல்ல வேண்டும். இருபதிலும் ஆளுக்கொரு துளி என்றால்கூடக் கணக்கு நேராகலாம். ஆனால் யாரும் அப்படி ஊற்றுவதில்லை, மூன்று நான்கு சட்டியோடு சரி. இந்த நம்பிக்கையைச் சமன்பாட்டுக்குள் வைப்பதுதான் ‘ஸ்பார்ஸ்’ மாதிரி.

அதனால் ‘சின்மை’ என்கிறேன். பல – பன்மை, சில – சின்மை. நான் கட்டிய சொல் இல்லை, பழைய சொல்தான். சூத்திரத்துக்கு நன்னூல் சொல்லும் இலக்கணமே ‘சில்வகை எழுத்தில் பல்வகைப் பொருளை’ என்றுதானே தொடங்குகிறது? சின்மை மாதிரி, சின்மை அணி (மேட்ரிக்ஸ்) என்று நீட்டவும் வசதி.

அடுத்தது ‘பிட்ச்’, அதாவது ஒரு சுரம் எவ்வளவு உயரத்தில் ஒலிக்கிறது என்பது. பள்ளி இயற்பியலில் ‘சுருதி’ என்று இருப்பது தெரியும். நானும் ‘பல்சுருதி’ என்றுதான் எழுதிவந்தேன். போன மாதம் வீட்டில் ஒரு சோதனை செய்தபோது அது உடைந்தது. சுருதிப்பெட்டியை ஆறு கட்டையில் வைத்து, சா, பா மட்டும் ஒலிக்கவிட்டுப் பதிந்தேன். சா 220 ஹெர்ட்ஸ், பா 330. சுரங்களைக் கணிக்கும் என் நிரல் என்ன சொன்னது? ஒரே ஓர் ஒலி, 110 ஹெர்ட்ஸில்! மந்தர சட்ஜம், கீழ்ஸ்தாயி சா. அறையில் அப்படி ஒன்று ஒலிக்கவே இல்லை.

யோசித்தால் நிரல்மேல் குற்றமில்லை. ஒவ்வொரு சுரமும் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளையும் சேர்த்தே ஒலிக்கும். 220-இன் மடங்குகளும் 330-இன் மடங்குகளும் 110-இன் மடங்குகள்தாம். அடிப்படை அதிர்வெண்ணையும் அதன் மடங்குகளையும் ஒரே கட்டாகக் கட்டி, கட்டுக்கு இவ்வளவு தண்டம் என்று வைத்தால், இரண்டு கட்டைவிட ஒரு கட்டே மலிவு. 110, 550, 770 காலியாக இருப்பதை அது பொருட்படுத்தவில்லை. அண்டை மடங்குகளின் வலிமை திடுமென ஏறியிறங்கினால் கூடுதல் தண்டம் என்று ஒரு வரி சேர்த்த பிறகே சாவும் பாவும் பிரிந்து வந்தன.

இதை எழுத உட்கார்ந்தேன்: ‘சுருதிகள் சுருதி சேர்ந்திருந்ததால் பல்சுருதிக் கணிப்பு தவறியது.’ நாதஸ்வரம் வாசிக்கும் என் மாமாவிடம் காட்டினால் அடிப்பார். அவருக்குச் சுருதி என்பது எல்லோரும் சேர வேண்டிய ஒன்று; பல சுருதி என்றால் கச்சேரி நாசம். ‘சுரத்தானம்’ ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டோடு நின்றுவிடும், சுரத்தை அசைத்து வழுக்கும் கமகத்துக்கு ஆகாது. எனவே ‘சுரநிலை’. முழுப்பெயர்: சின்மைவழிப் பல்சுரநிலைக் கணிப்பு. ‘மதிப்பீடு’ வேண்டாம், இங்கே அதைக் கேட்டால் பெற்றோர் ரிப்போர்ட் கார்டைத் தேடுவார்கள்.

> சின்மை சரி. ‘சின்ன’ என்று படிப்பார்களே, தம்பி? அப்புறம், சுரநிலை என்றால் சுரம் நிலையாக நிற்பதுபோல் இல்லையா? கமகத்துக்கு ஆகாது என்று சுரத்தானத்தைத் தள்ளியது நீங்கள்தான்.

அக்கா, முதலாவது பழகப் பழகச் சரியாகும். இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். ‘சுரவுயரம்’ எப்படி? உயரம் ஏறும், இறங்கும், வழுக்கும். ‘பல்சுரவுயரம்’ நாக்கில் இடறுகிறது, ஆனால் பொருள் தப்பாது. வெள்ளிக்கிழமை வரை மற்றவர்களும் சொல்லட்டும், அதுவரை சொற்பட்டியலில் இரண்டையும் வைத்திருக்கிறேன்.